முகம் முழுக்கத் திருஷ்டிப் பொட்டு

இந்த ஊரில் யாரும் யார் முகத்தையும் பார்த்து நாற்பது வருஷம் ஆகிறது. அது ஒரு குறையாக எவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

நான் சுயம்புக்கனி. தூத்துக்குடி முகச் சேவை மையத்தில் நாலாம் நம்பர் கவுண்டர், இருபத்தாறு வருஷ சர்வீஸ். எல்லோர் கண்ணிலும் வில்லை இருக்கிறது, என் கண்ணிலும் இருக்கிறது. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பொருத்திவிடுவார்கள். ஊசி போடுவதைவிடச் சுலபம். முதலில் கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்கென்றுதான் அது வந்தது. பிறகு கம்பெனிக்காரன் ‘செம்மை’ என்று ஒரு வசதியைச் சேர்த்தான். எதிரே நிற்கிறவன் மூஞ்சியில் பரு இருந்தால் வில்லை அதை அழித்துக் காட்டும். பரு போனதும் தழும்பு போனது. தழும்பு போனதும் எத்துப்பல், அதற்குப் பிறகு மூக்கு. இப்போது ஊரில் மொத்தம் ஆறு மூக்குதான் புழக்கத்தில் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தாலும் செம்மைதான் தெரியும், பார்க்கிற கண்ணிலேயே வில்லை இருக்கிறதே.

அப்புறம் ஆளை எப்படித்தான் அடையாளம் காண்பது என்று கேட்பீர்கள். செருப்பை வைத்து, நடையை வைத்து, சண்டை போடும்போது குரலை வைத்து. போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் மணப்பெண் மாப்பிள்ளைத் தோழன் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டாள். இரண்டாம் பந்தி முடிகிறவரை ஒருவருக்கும் தெரியவில்லை. தோழனும் வாயைத் திறக்கவில்லை, படவா.

இன்னொரு சங்கதி உண்டு, வெளியே சொல்லக்கூடாது. ஊரில் பாதிப் பேர் மூஞ்சி கழுவுவதில்லை. எதற்குக் கழுவ வேண்டும்? கடைவாயில் ஒட்டியிருக்கும் இட்லிப் பொடியைக்கூட வில்லை துடைத்துக் காட்டுகிறது. உள்ளதைப் பார்க்கிறவர்கள் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் மட்டும்தான். அதனால் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதல் காரியமாகப் பிள்ளை வாயில் பிஸ்கட்டை அடைத்துவிடுவது எங்கள் வழக்கம்.

வில்லை பொருத்திய அன்று எல்லாப் பிள்ளையும் அழும். கண்ணைத் திறந்ததும் எதிரே யாரோ ஒருத்தி அம்மா குரலில் பேசிக்கொண்டு நின்றால் அழாமல் என்ன செய்யும்? ‘வில்லை அழுகை’ என்று அதற்குப் பேரே இருக்கிறது. மையத்தில் ஒரு டப்பா முந்திரி மக்ரூன் வைத்திருக்கிறோம். கொடுத்தால் மூன்று நாளில் சரியாகிவிடும்.

என் மகன் ஜெகவீரனும் அப்படித்தான் அழுதான். “எங்க அம்மாவ எங்க?” என்று என்னிடமே கேட்டான். நானும் மக்ரூன் கொடுத்தேன். மூன்றாம் நாள் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவன் என்னை அம்மா என்று கூப்பிட்டதெல்லாம் தாசில்தாரை ஐயா என்று கூப்பிடுகிற மாதிரிதான். நன்றாகப் படித்தான், புனேயில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் கூப்பிடுவான். சாப்பிட்டாயா, மருந்து இருக்கிறதா, மழை பெய்ததா. எட்டு நிமிஷம். குறை சொல்ல முடியாத பிள்ளை, அதுதான் எனக்குக் குறை. ஆனால் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு புதன்கிழமை, என் கவுண்டர் முன்னால் முப்பது வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். பேர் இசக்கிப்ரியா. மூன்றாம் நம்பர் மூக்கு, எல்லோருக்கும் உள்ள பளபளப்பு. அவளுடைய மகள் தூரத்தில் சுவர் ஓரமாக பெஞ்சில், அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பதிவில் யுவந்திகா, வீட்டில் மொச்சை.

“அக்கா, பன்னெண்டு நாளாச்சு. பிள்ளைக்கு அழுகை நிக்கல.”

“மக்ரூன் குடுத்தியா?”

“மக்ரூனத் திங்கா. என்னையத்தான் வேண்டாங்கா. என் கையால ஒரு வாய் சோறு வாங்க மாட்டேங்கா. பக்கத்து வீட்டு அக்காதான் ஊட்டுதாவ.”

“எந்நேரமுமா?”

“இல்லக்கா, அதாம் புரியல. லைட்ட அணைச்சா வந்து ஒட்டிக்கிடுதா. பெருவெரல இந்தக் கன்னத்துல வச்சித் தடவிக்கிட்டே தூங்கிருதா. விடிஞ்சி என்னையப் பாத்ததும் ‘நீ ஆரு’ன்னு அலறுதா.”

“கன்னத்துல என்ன இருக்கு?”

“எனக்கு எப்படிக்கா தெரியும்?” என்றாள். “ஒம்போது வயசுல குக்கர் வெடிச்சி கொதிக்க கொதிக்க பருப்பு மூஞ்சில கொட்டிட்டு. ஆஸ்பத்திரில கட்டு அவுத்ததும் கண்ணாடி காட்டுனாவ. ஒண்ணுமே இல்ல, பளபளன்னு இருந்தேன். தடவுனா மட்டும் தேங்கா நாரா இருக்கும். பிள்ளை பொறந்ததுலேர்ந்து அந்த நார்லதான் தூங்குவா.”

கையில் இருந்த நோட்டீஸை நீட்டினாள். எங்கள் ஆபீஸ் அனுப்பியதுதான். பதினைந்து நாளில் அழுகை நிற்காவிட்டால் பிள்ளையை மதுரையில் உள்ள பழக்கு இல்லத்தில் சேர்க்க வேண்டும். மூன்று மாதம். தாய் வரக்கூடாது. அங்கே போய்விட்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அழவே அழாது, எல்லோருக்கும் வணக்கம் சொல்லும்.

“இன்னும் மூணு நாள்தாம் இருக்கு,” என்றாள். “என் மூஞ்சிய எனக்குத் திருப்பிக் குடுத்துருங்கக்கா. என்ன கோரமா இருந்தாலும் சரி. அவ கண்ணுக்கு மட்டுமாச்சும்.”

“ஒரு கண்ணுக்கு மட்டும் நிறுத்த முடியாதும்மா. ஒன் முகப்பதிவு ஒண்ணுதான். அத வச்சித்தான் எல்லார் வில்லையும் ஒன்னையக் காட்டுது. நிறுத்துனா ஊருக்கே நிக்கும். அதுக்கும் படிவம் கெடையாது. மூக்க மாத்தப் படிவம் இருக்கு, நெறத்த ஏத்தப் படிவம் இருக்கு. என்னையச் சும்மா விடுங்கன்னு சொல்ல ஒரு படிவம் இல்ல.”

அவள் நகரவில்லை. அவளுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணுக்கு அவசரம் போல, தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். படிவம் ஒன்பது. நான் வாங்கி முத்திரை குத்தினேன்.

“அது என்னதுக்கா?” என்றாள் இசக்கிப்ரியா.

“திருஷ்டிப் பொட்டு. ஆரம்பத்துல பிள்ளைக்கு வச்ச பொட்ட வில்லை அழுக்குன்னு நெனச்சி அழிச்சிட்டு. பிள்ளைக்குக் கண்ணு படுமேன்னு பொம்பளையளு பூரா கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போய் உக்காந்துட்டாளுவ. செம்மை வேண்டாம்னு ஒருத்தியும் சொல்லல, பாத்துக்க. பொட்டு தெரியணும், அவ்வளவுதான். அதுக்குத்தான் இந்தப் படிவம். குறிச்ச எடத்துல வில்லை கை வைக்காது. அங்க மட்டும் உள்ளது உள்ளபடி தெரியும்.”

“உள்ளது உள்ளபடியா?”

முத்திரை பிடித்த என் கை அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

“பொட்டு எவ்வளவு பெருசு வைக்கலாம்க்கா?”

இருபத்தாறு வருஷமாக நான் அந்தப் படிவத்தில் குத்து குத்து என்று குத்தியிருக்கிறேன், ஒரு நாளும் முழுதாகப் படித்ததில்லை. இப்போது திருப்பித் திருப்பிப் படித்தேன். இடம். அளவு. காரணம். அளவுக்கு எல்லை ஏதும் எழுதவில்லை. எழுதின புண்ணியவான், குன்றிமணிக்கு மேல் எவள் பொட்டு வைக்கப்போகிறாள் என்று விட்டிருப்பான்.

“ஏட்டி, நல்லா யோசிச்சுக்க,” என்றேன். “பஸ்ல கண்டக்டர் பாப்பான். தெருக்காரி பாப்பா. ஒன் வீட்டுக்காரன் பாப்பான்.”

“அவரு ஹார்பர்ல கிரேன் ஓட்டுதாரு. நூறடி உசரத்துல இருந்துக்கிட்டு கண்டெய்னர் நம்பர வாசிக்கிற மனுசன். பொண்டாட்டியவும் ஒருக்க வாசிக்கட்டும்.”

எழுதினாள். இடம்: நெற்றி முதல் தாடை வரை. அளவு: இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை. காரணம்: கண்ணேறு படாமலிருக்க.

கீழே ‘பொட்டை நேரில் கண்டேன்’ என்று கவுண்டரில் இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். இன்னும் பதிவாகாத பொட்டு வில்லை போட்ட கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. காணாததைக் கண்டேன் என்று எழுதித்தான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் எழுதினேன்.

பதிவு மாற அரை மணி நேரம் ஆகும். அவளைக் கவுண்டர் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். முதலில் நெற்றி மாறியது, பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. இடது புருவம் பாதிதான் இருந்தது. கன்னம் முழுக்கச் சுருங்கி, கழுத்து வரை இழுத்துப் பிடித்திருந்தது. மூக்கு அந்த ஆறில் எதுவும் இல்லை, அகலமாக அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. சிரித்தால் ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது. உதட்டோரத்தில் காலையில் தின்ற தேங்காய்ச் சட்னி. நாற்பது வருஷத்தில் நான் பார்த்த முதல் ஆள் அவள்தான். எனக்கு ஏன் கண் கலங்கியது என்று தெரியவில்லை. கர்ச்சீப்பை எடுத்து முதலில் சட்னியைத் துடைத்துவிட்டேன்.

கைகழுவுகிற இடத்தில் கண்ணாடி இருக்கிறது, கூட்டிப்போனேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள், பல்லைக் காட்டிப் பார்த்தாள், தழும்பைத் தடவிக்கொண்டே பார்த்தாள்.

“இவ்வளவுதானா?” என்றாள். “இதுக்கா இத்தன பேரு சேந்து மறைச்சீய? தடவித் தடவி நான் இதவிட மோசமா நெனச்சில்லா பயந்துக்கிட்டு கெடந்தேன். நல்லாத்தான இருக்கேன்.”

வெளியே வந்து பெஞ்சில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. மொச்சை கொஞ்ச நேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தாள். முழுதாகத் திரும்பினாள். எழுந்து வந்து பெருவிரலைக் கன்னத்தில் வைத்துத் தடவினாள். கண்ணும் விரலும் ஒன்றையே சொல்கிறதா என்று சோதிக்கிற மாதிரி இரண்டு மூன்று தரம் தடவினாள்.

“ம்மா, பசிக்கு,” என்றாள்.

என் கவுண்டரில் இருந்த மக்ரூன் டப்பாவை நீட்டினேன். பிள்ளை என்னை மதிக்கவே இல்லை. அவளுக்குச் சோறுதான் வேண்டுமாம்.

மறுநாள் பதினேழு பேர் வந்தார்கள். ஒரு வாரத்தில் வரிசை தெருமுனை டீக்கடை வரை போனது. எல்லோரும் பிள்ளைக்காக வந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இசக்கிப்ரியா பஸ்ஸில் போனதைப் பார்த்துவிட்டு, நம்முடையது எப்படி இருக்குமோ என்று அரிப்பு தாங்காமல் வந்தவர்கள்தான் அதிகம். ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு இதை யாரிடம் புகார் செய்வது என்று கேட்டார். ஒரு அம்மாள் தன் மூக்குத்தி இடம் மாறிக் குத்தியிருப்பதை முப்பது வருஷத்துக்குப் பிறகு கண்டுபிடித்து ஆசாரியைத் தேடிப்போனார். ஒருவர் இன்றைக்கே பழையபடி மாற்றிக்கொடு என்று மேஜையைத் தட்டினார், மாற்றிக்கொடுத்தேன், அது அவர் மூஞ்சி, அவர் இஷ்டம். கடைகளில் சோப்புக்குத் தட்டுப்பாடு வந்தது.

பிறகு செம்மை அலுவலர் நம்பிராஜன் என் கவுண்டருக்கு வந்தார். நாற்பது வயது, நல்ல மனிதர்தான். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார், அதை வைத்துத்தான் நாங்கள் அவரை அடையாளம் காண்போம்.

“சுயம்பக்கா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? மூஞ்சி முழுக்கத் திருஷ்டிப் பொட்டா?”

“படிவத்துல அளவு போடலியே சார்.”

“போட்டாச்சு,” என்று ஒரு சுற்றறிக்கையை வைத்தார். சென்னையிலிருந்து வந்திருந்தது. ஒரு பொட்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்கு மேல் பெரிதாக ஏற்கெனவே கொடுத்ததெல்லாம் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு ரத்து.

“அந்தப் பிள்ளை மறுபடியும் அழுமே சார்.”

“அதுக்குப் பழக்கு இல்லம் இருக்குல்லா. நான் என்னக்கா செய்ய? மேலேர்ந்து வருது.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலமே இசக்கிப்ரியா மூச்சு வாங்க ஓடி வந்தாள். மொச்சை இடுப்பில் இருந்தாள். “திங்கக்கெழமை வந்து பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாவளாக்கா?” என்று கேட்டாள். பிள்ளைக்குப் புரிந்துவிட்டது, அம்மா கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டது. என் மகனுக்கு மக்ரூன் கொடுத்த கை இது. இன்னொரு பிள்ளைக்கு அதே கையால் நான் கொடுக்கமாட்டேன்.

சுற்றறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன். இப்போதெல்லாம் எதையும் படித்துவிடுகிறேன், பழக்கமாகிவிட்டது. ‘ஒரு பொட்டு’ என்றுதான் இருந்தது. ஒருத்திக்கு எத்தனை பொட்டு என்று எழுதவில்லை.

“ஏட்டி,” என்றேன், “நாளைக்குக் காலைல மை டப்பாவும் தையக்காரன் டேப்பும் எடுத்துக்கிட்டு வா.”

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். சுற்றறிக்கைச் சேதி ஊரில் பரவிவிட்டதால் கூட்டம் இல்லை. மொச்சைதான் பொட்டு வைத்தாள். வில்லை அந்த மூஞ்சியில் கை வைக்காததால் வைத்த மையெல்லாம் அப்படியே தெரிந்தது, என் சர்வீஸில் முதல் தடவையாகக் கையெழுத்துப் போடும் முன்னாலேயே நான் பொட்டை நேரில் கண்டேன். நெற்றியில் ஆரம்பித்து வரிசையாக வைத்துக்கொண்டே வந்தாள், ஒன்றோடொன்று கொஞ்சம் ஏறுகிற மாதிரி. நான் ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்து ஒரு படிவம் எழுதினேன். இசக்கிப்ரியாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. சிரிக்காதே, பொட்டு நகருது என்று பிள்ளை அதட்டிக்கொண்டே இருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பொட்டு. கடைசியில் முழு மூஞ்சியும் அட்டைக்கரியாக இருந்தது, பல் மட்டும் வெளியே தெரிந்தது.

திங்கட்கிழமை காலையில் நானூற்றுப் பன்னிரண்டு படிவத்தையும் கட்டாகக் கட்டி நம்பிராஜன் மேஜையில் வைத்தேன். அவர் முதலில் கட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தார். பதினோரு மணி ஆனது, டீ வந்தது, ஆறிப்போனது. வேலை போனால் போகிறது, சோளப்பொரி விற்கலாம் என்று நான் ஒரு முடிவுக்கே வந்துவிட்டேன்.

மதியம் கூப்பிட்டார்.

“இருநூத்தி மூணுக்கும் இருநூத்தி நாலுக்கும் நடுவுல மூக்கு நுனிய விட்டுட்டீங்க,” என்றார். “அங்க மட்டும் செம்மை விழும். பாக்க அசிங்கமா இருக்கும்.”

அவரே ஒரு படிவத்தை எடுத்து எழுதி நானூற்றுப் பதிமூன்று என்று நம்பர் போட்டார்.

“எனக்குப் பதினோரு நாள் அழுகைக்கா,” என்றார் பேனாவை மூடிக்கொண்டே. “எங்கம்மா அடிக்கடி சொல்லுவாங்க. போன தையில அவங்க தவறுனப்பவும் செம்மையத்தான் பாத்துக் கும்பிட்டேன். எரிக்கிறதுக்கு முன்னால கடைசியா முகம் பாத்துக்கோங்கன்னு சொன்னாங்கள்லா, அப்ப.” எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஐந்து மணி அடித்தது. இசக்கிப்ரியாவின் மூஞ்சி அப்படியே இருந்தது.

அந்த வாரம் முழுக்க வந்தவர்களுக்குப் பொட்டு எண்ணி எழுதியே என் விரல் வீங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை கவுண்டரை அடைக்கிற நேரத்தில் இசக்கிப்ரியாவும் மொச்சையும் வந்தார்கள், கையில் மை டப்பா. ‘உக்காருங்க’ என்றாள் பிள்ளை என்னிடம். நான் உட்கார்ந்தேன். என் மூஞ்சியில் வைத்த மையை வில்லை அழித்துவிடும் என்பதால் டேப்பை வைத்து அளந்தே எண்ணினோம், முந்நூற்று அறுபத்தொரு பொட்டு. சின்ன மூஞ்சிதான் எனக்கு.

வீட்டுக்குப் போய் மையைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். முதலில் தெரிந்தது தாடையில் ஊதா நிறத்தில் ஒரு திட்டு. முத்திரை மை. யோசிக்கும்போது தாடையில் கை வைப்பேன் போல, எத்தனை வருஷத்து மையோ, சோப்புக்கு அசையவில்லை. ஊருக்கு வில்லை வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது, அதுவரை பள்ளிக்கூடத்தில் எனக்குக் கருவாடு என்று பேர். கருவாடு நன்றாகவே காய்ந்திருந்தது. முன்நெற்றியில் நரை, கண்ணுக்குக் கீழே பை, மூக்கு மேல் பெரிய துவாரங்கள். திட்டலாம் என்றுதான் நின்றேன். எதைத் திட்டுவது? எனக்கு அவளைப் பிடித்திருந்தது. வேலைக்குப் போய் வீட்டைக் காப்பாற்றிப் பிள்ளையைப் படிக்கவைத்த ஒருத்தியின் மூஞ்சி எப்படி இருக்குமோ அப்படி இருந்தாள். முதுகைத் தட்டிக்கொடுக்க முடியாததால் எண்ணெய் வைத்துத் தலை சீவிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெகவீரன் வழக்கம்போல வீடியோவில் கூப்பிட்டான். புனேக்காரன் வில்லையும் அதே பதிவைத்தான் பார்க்கும். நான் அவனுக்கு முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

“சாப்ட்டியாம்மா? மருந்து இரு...”

அதோடு நிறுத்திவிட்டான். நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்து நான் போனைத் தட்டினேன். போகவில்லை. அவன் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இருபத்தேழு வயது ஆண்பிள்ளை திரைக்குக் கிட்டே வந்து, இன்னும் கிட்டே வந்து, என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். தாடையில் இருந்த ஊதா மையைப் பார்த்தான். மூக்கைப் பார்த்தான். எட்டு நிமிஷம் தாண்டிவிட்டது.

“இத்தன வருசமா எங்க போயிருந்த?” என்று கேட்டான்.

“நாலாம் நம்பர் கவுண்டர்லதாம்ல இருந்தேன்,” என்றேன்.